நீயே அவன்கிட்ட சொல்லு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு பிரேக் மேடம் என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. முதலாளியே ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார், அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திகைத்து நிற்கும் நேரங்களில், பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்தான் தெருவைக் காப்பாற்றும். வேலை முடிந்த பிறகும் அந்த வலது கால் ஓயாது. பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கிட்டால் கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டில் தொலைக்காட்சியில் எவனாவது வண்டியைத் தாறுமாறாக ஓட்டினால் சோபாவுக்குக் கீழே விரிப்பு சுருண்டு போகும்.

"அவனுக்கு உன் கால் எட்டாது, விட்டுடு," என்பார் கணவர்.

கணவர் நீச்சல் குளத்தில் காவலர். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அதனால்தானோ என்னவோ, அவர் அவசரப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவசரமெல்லாம் அவள் பங்குக்கு வந்துவிட்டது.

அவளைப் பதற வைத்தது சாலை மட்டும் இல்லை. கைப்பையில் ஒரு போன் இருந்தது. அதன் ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் தம்பி.

அக்கா ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை. வீட்டில் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். தம்பி வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். ஒன்று சொன்னால் அரை நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். இருந்தவரை அம்மாதான் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் பதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அம்மா போன பிறகு நகை, பாத்திரம், புடவை என்று எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. அது முழுசாக நடுப்பிள்ளையான அவள் தலையில் வந்து விழுந்தது.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு விரிசல் விட்டதும், தம்பி அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து போனுக்கு ஓய்வில்லை.

அக்கா சொல்வாள்: "அவனுக்கு ஒரு மனுஷனைப் பார்த்துக்கத் துப்பிருக்கா? டாக்டர் சொன்ன பயிற்சிய ஒரு நாளாவது செய்ய வெச்சானா? அந்த ரூம்ல வெளிச்சமாவது வருதான்னு கேளு."

அவள் தம்பியிடம் சொல்வாள்: "அக்கா அப்பாவோட காலப் பத்தி விசாரிச்சா. ரூம்ல நல்லா வெயில் வருதான்னு கேட்டா."

தம்பி சொல்வான்: "அங்க உக்காந்துட்டு உத்தரவு போடறதுக்கு என்ன, நல்லாதான் இருக்கும். பெரியக்காவ வந்து ஒரு வாரம் பார்த்துக்கச் சொல்லு. அப்ப தெரியும்."

அவள் அக்காவிடம் சொல்வாள்: "நீ ஒருதடவை வந்து தங்கிட்டுப் போனா அப்பாவுக்கு நல்லாருக்கும்னு தம்பி சொன்னான். உன் முட்டி வலி எப்படி இருக்குன்னும் கேட்டான்."

முட்டி வலியைப் பற்றி அவன் கேட்டதே கிடையாது. அது அவள் சேர்த்துக்கொண்டது. கறியில் காரம் கூடிப்போனால் கொஞ்சம் தேங்காய் அரைத்து விடுகிற மாதிரி, இப்படி எதையாவது சேர்ப்பது அவளுக்குக் கைவந்துவிட்டது. கணவர் இதற்கு மொழிபெயர்ப்பு இலாகா என்று பெயர் வைத்திருந்தார். "இலாகா இன்னைக்கு லீவு விடுமா?" என்று கேட்பார். இலாகா லீவு விட்டதில்லை. சாப்பிடும்போது போன், துணி உலர்த்தும்போது தோளில் இடுக்கிய போன், ஒரு பாடம் முடிந்து அடுத்த ஆள் வருவதற்குள் போன். பேசி முடித்த பிறகும் அவள் வாய் ஓயாது. அவன் இப்படிச் சொன்னால் இவளுக்கு எப்படிச் சொல்வது என்று உதடு தனியாக அசைந்துகொண்டிருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்ற நாளும் உண்டு.

அன்று பிற்பகல் பாடத்துக்கு வந்தது மருந்துக்கடைக்காரம்மா. அவளைவிட வயதில் மூத்தவர், சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறவர். பிள்ளைகளெல்லாம் வேலைக்குப் போன பிறகு, இனிமேல் யாரையும் 'கொண்டுபோய் விடு' என்று கெஞ்சுவதில்லை என முடிவெடுத்துக் கார் கற்றுக்கொள்ள வந்திருந்தார். கியர் மாற்றும்போது மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

சந்தைக்குப் பின்னால் போகும் ஒருவழிச் சாலையில் வண்டி இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தது. போன் துடித்தது. தம்பி. 'பெரியக்கா நேரா அப்பாவுக்கு போன் பண்ணி என்னப் பத்திக் குறை சொல்லிருக்கு. இது என் வீடு, ஆஸ்டல் இல்லன்னு சொல்லிடு.' அவள் சாலையை ஒரு கண்ணால் பார்த்தாள். வெறுமையாகத்தான் இருந்தது. மடியில் வைத்தே அக்காவுக்குத் தட்ட ஆரம்பித்தாள். 'தம்பிக்கு கொஞ்சம் வருத்தம் போல இருக்கு.' வருத்தம் என்று போடலாமா, மனசு சரியில்லை என்று போடலாமா?

வண்டி முன்னால் குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. சீட் பெல்ட் அவள் தோளை இழுத்துப் பிடித்தது.

நிமிர்ந்து பார்த்தாள். வண்டியின் மூக்கில் கையை ஊன்றியபடி ஒரு கிழவர் நின்றிருந்தார். மற்ற கையில் துணிப்பை. அவர் திட்டவில்லை. கண்ணாடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கடந்து போனார்.

"பார்த்தீங்களா மேடம்," என்றார் மருந்துக்கடைக்காரம்மா. முகமெல்லாம் பூரிப்பு. "நானேதான் போட்டேன். நீங்க கால வெக்கவே இல்ல. வேணும்னுதானே விட்டீங்க? என்ன நம்பி விட்டீங்க."

அவள் வலது கால் அப்போதுதான் பிரேக்கைத் தேடிப் போய் அழுத்தியது. 

"ஓரமா நிறுத்துங்க," என்றாள்.

அந்தம்மா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, சொல்லிக்கொடுத்தபடியே அழகாக ஓரம் கட்டினார். பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

"நான் வேணும்னு விடல," என்றாள் அவள். "அவர நான் பார்க்கவே இல்ல."

மருந்துக்கடைக்காரம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் மடியைப் பார்த்தார். போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. எங்க அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை."

"இன்னைக்கா?"

"எப்பவும்."

அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை மறுபடி பிடித்தார். உடனே கிளப்பவில்லை. "எனக்குக் கோவம் வருது மேடம்," என்றார் நிதானமாக. "அவரு கீழ விழுந்திருந்தா, நான்தான் இடிச்சேன்னு ஆயிருக்கும். ஆயுசுக்கும் நான்தான் தூக்கிட்டுத் திரியணும். நாளைக்கு வரேன். ஆனா அந்த போன் டிக்கில இருக்கணும். இல்லேன்னா நான் முதலாளிகிட்ட வேற ஆளக் கேட்டுக்கறேன்."

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தண்ணி குடி," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்குமுன் போனை வண்டியின் டிக்கியில் போட்டுப் பூட்டினாள். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. முதல் சில நாட்கள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பின்னால் டிக்கிக்குள் போன் அடிக்கிற மாதிரியே காதில் கேட்கும். ஜாக்கியும் ஸ்பேனரும் உரசினால்கூட, அக்காதான் என்று மனம் அடித்துச் சொல்லும். பாடம் முடிந்ததும் ஆள் இறங்கினாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஓடிப்போய்த் திருடி மாதிரி டிக்கியைத் திறப்பாள். வரிசையாகத் தவறிய அழைப்புகள். ஒன்றுக்கும் உலகம் அழிந்திருக்காது. அழியாததே அவளுக்கு ஒரு மாதிரி ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவது கஷ்டம்.

டிக்கி பாதி வேலையைத்தான் செய்தது. மீதிப் பாதி வாயில் இருந்தது.

அந்த வார விடுமுறையில் அக்கா கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில், "அவன்கிட்ட சொல்லி வை, அடுத்த மாசம் அப்பாவ நான் கூட்டிட்டு வந்துடுவேன்," என்றாள்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாயில் பதமான வாக்கியம் தயாராகிவிட்டது. அக்காவுக்கும் அப்பாவோட கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையாம். அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினாள். 

"நீயே அவன்கிட்ட சொல்லுக்கா."

 அக்காவின் குரல் தலைமை ஆசிரியையின் குரலாக மாறியது.

"என்ன சொன்ன?"

"நான் சொல்றத விட நீ சொன்னா நல்லாருக்கும். அவன் நம்பர் உன்கிட்ட இருக்குல்ல."

"ஓஹோ. நீயும் அவன் பக்கம் சாஞ்சிட்டியா?"

"நான் எந்தப் பக்கமும் இல்ல. நடுவுல நிக்கறதத்தான் விட்டுட்டேன்."

"ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு வாய் வலிக்குதா? அம்மா இருந்திருந்தா இப்படிப் பேசிருப்பாளா?" அக்கா போனை வைத்துவிட்டாள்.

அம்மா இருந்திருந்தால் பேசியிருக்கமாட்டாள். நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தம்பிக்குத்தான் போன் போட்டிருப்பாள். அம்மாவின் தலைவலியை வீட்டில் எல்லாரும் ஒரு சுபாவம் என்றே எண்ணியிருந்தார்கள். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தபோதுதான் அவளுக்கு அது வேறு மாதிரித் தோன்றியது.

தம்பியிடமும் அதையே சொன்னாள். அவன் அக்காவைப் போலக் கோபப்படவில்லை. "சரி," என்றான், அடிபட்ட குரலில். "உனக்கும் அலுத்துப் போச்சு போல." அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. அன்று முழுக்க அவள் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். போனை எடுத்து, தம்பி பெயர் வரை போய், வைத்தாள். கணவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "கொளத்துக்கு வா, நீந்திட்டாவது இரு," என்றார். "எனக்கு நீந்தத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அவர் அந்த வாரத்தில் வாங்கிய ஒரே திட்டு அதுதான் என்று சொல்லமுடியாது.

இப்படியே நாட்கள் போயின. அக்காவும் தம்பியும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்களா, பேசினால் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத செருப்பு மாதிரி கடித்தது.

ஒருநாள் காலையில் மருந்துக்கடைக்காரம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். பள்ளிக் காரிலேயே ஓட்டிக்காட்ட வேண்டும். மைதானத்தில் கம்பங்கள் நட்டு, மேடு ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். தேர்வு அதிகாரி ஏறி உட்கார்ந்ததும் அவள் இறங்கிக்கொள்ள வேண்டும். இறங்கி மரத்தடியில் நின்றாள். வண்டி போய்விட்டதால் போன் கையில்தான் இருந்தது.

அது அடித்தது. தம்பி.

"சின்னக்கா, பெரியக்கா பெட்டியோட வந்து நிக்குது. அப்பாவ இப்பவே கூட்டிட்டுப் போறேங்குது. நீ உடனே வா."

பின்னணியில் அக்காவின் குரல் கேட்டது. கடைசி வரிசைக்கும் தாண்டிக் கேட்டது.

அவள் உடம்பு பாதி வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். போய் நடுவில் நின்று, அக்கா நீ உட்காரு, தம்பி நீ உள்ளே போ என்று ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த வாரம் மறுபடி அடிக்கும். மைதானத்தில் கார் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.

"டெஸ்ட்ல நிக்கறேன். முடிச்சிட்டு வரேன்," என்றாள்.

"சின்னக்கா, இங்க என்ன நடக்குதுன்னு உனக்குப் புரியுதா?"

"புரியுது. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருங்க. வரேன்."

போனை அணைத்தாள். அணைத்த பிறகு கை என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டா நுனியை முறுக்கியது. மரத்தைச் சுற்றி நடந்தாள். அக்காவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. தம்பி கோபம் வந்தால் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறவன். அப்பா நடுவில் கட்டிலில். காத்திருந்த இன்னொரு பயிற்சியாளர், "உங்க ஆளு நல்லாத்தான் ஓட்டறாங்க, ஏன் இப்படிச் சுத்தறீங்க," என்று கேட்டார்.

நல்லாத்தான் ஓட்டிய ஆள், கடைசியில் பின்பக்கமாக எடுத்து நிறுத்தும் இடத்தில் கம்பத்தைத் தள்ளிவிட்டார். அதிகாரி இறங்கி, தலையை ஆட்டிவிட்டுப் போனார். மருந்துக்கடைக்காரம்மா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் பையன் சிரிப்பான்," என்றார்.

அவளுக்குள் ஒன்று போ, போ என்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. இருந்தும் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மேட்டுல வண்டி ஒரு விரக்கட கூடப் பின்னால வரல. அங்கதான் பாதிப் பேர் தோத்துப் போவாங்க. கம்பம் அடுத்த தடவ நிக்கும்." அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அவரே கடை வரை ஓட்டிப்போய் இறங்கினார். அதற்குப் பிறகுதான் அவள் வண்டியைத் தம்பி வீட்டுப் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சிக்னலும் அன்று அவளுக்கென்றே சிவப்பாக இருந்தது.

தம்பி வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தின் நடுவில் அக்காவின் பெட்டி. அதற்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. அவள் நுழைந்ததும் இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் ஒன்றாகத் திரும்பி அவள் பார்த்ததே இல்லை.

"வா," என்றாள் அக்கா. "உன்னத்தான் பேசிட்டிருந்தோம். இவன் என் முட்டி வலிய விசாரிச்சான்னு சொன்னியே, எப்ப விசாரிச்சான்?"

"பெரியக்காவுக்கு முட்டி வலின்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்," என்றான் தம்பி.

அவள் கைப்பையை இறக்கி வைத்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு நான் போட்ட படத்தப் பார்த்து பெரியக்கா பெருமப்பட்டுச்சுன்னு சொன்னியே," என்றான் அவன். இதைச் சொல்லும்போது அவன் குரல் வேறாகிவிட்டது. "அது எந்தப் படம்னு பெரியக்காவுக்குத் தெரியல. நான் அத எத்தன பேர்கிட்ட சொல்லிருக்கேன் தெரியுமா?"

"எனக்கு எங்க காட்டின நீ?" என்று அக்கா அவனைக் கேட்டாள். பிறகு இவளிடம், "இத்தன வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்? அவன்கிட்டயா, உன்கிட்டயா?"

"சண்ட வேண்டாம்னுதான்," என்றாள் அவள்.

"யாருக்கு வேண்டாம்? எங்களுக்கா?"

அதற்கு ஒரு பதமான பதில் இருந்தது. உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளே பல வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு," என்றாள். "எனக்கு வேண்டாம். நீங்க சண்ட போட்டா எனக்குச் சோறு எறங்காது. அதனால நீங்க சொல்லாதது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் பயமாயிடுச்சு, எங்க தெரிஞ்சிடுமோன்னு. இப்ப தெரிஞ்சிடுச்சு. இனிமே நான் யாருக்கும் எதுவும் கொண்டு போக மாட்டேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி சுவரைப் பார்த்தான். 

"அப்பா எங்க?" என்று அவள் கேட்டாள்.

"உள்ள," என்றான் தம்பி.

உள்ளே கட்டில் காலியாக இருந்தது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கைத்தடி மூலையில் சாய்ந்து கிடந்தது. குளியலறையிலும் இல்லை, மாடியிலும் இல்லை. பின்கதவு தாழ் போடாமல் இருந்தது.

தடி இல்லாமல் ஒரு அடி வைக்கமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். தம்பி செருப்பைப் போடாமலே தெருவுக்கு ஓடினான். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். "பஸ் ஸ்டாப் பக்கம் நீ போ, நான் தெருக்கோடி வரைக்கும் பார்க்கறேன்," என்று அக்கா சொன்னதும், அவன், "உன்னால நடக்க முடியாது, நீ இங்கயே நில்லு," என்றதும் அவளுக்குக் கேட்டது. அவள் எதிர்ப் பக்கமாக நடந்தாள். கடை கடையாக எட்டிப் பார்த்தாள்.  சலவைக்கடை, சாவி போடுகிறவர், அதற்கடுத்து முடிதிருத்தும் கடை.

கண்ணாடிக் கதவுக்குள் அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்துவரை வெள்ளைத் துணி, முகம் முழுக்க நுரை. கண் மூடியிருந்தது. கத்தி அவர் கன்னத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போய், காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா."

ஒரு கண் திறந்தது. "வந்துட்டியா? முடிஞ்சுதா அவங்களுக்கு?"

"சொல்லாம வந்துட்டீங்களே."

"சொல்லலாம்னுதான் நின்னேன். ரெண்டு பேரும் மூச்சு விடற எடத்துக்காகப் பார்த்துட்டே இருந்தேன். கெடைக்கல. சரி, ஷேவிங் பண்ணிட்டு வந்துடலாம்னு வந்தேன்."

"தடி இல்லாமயா?"

"கால் சரியாகி ரொம்ப நாளாச்சும்மா."

"சார் வாரத்துல பாதி நாள் இங்கதான் இருப்பாரு," என்றார் முடிதிருத்துகிறவர், கத்தியைத் துடைத்தபடி. "வெட்டறதுக்கு முடியே இருக்காது. சும்மா உக்காந்து பேப்பர் படிச்சிட்டுப் போவாரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அக்கா போனில் குறை சொன்னதும், தம்பி குத்திப் பேசியதும், அவள் இரண்டையும் தேன் தடவிக் கொண்டுபோனதும் இந்தக் காலுக்காகத்தான். "ஏம்பா சொல்லல?"

"சொல்லிருந்தா வேற எதுக்காவது சண்ட போடுவாங்க," என்றார் அப்பா. நுரைக்குள் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. "கால்னா கொஞ்சம் கவனமா போடறாங்க."

தம்பியும் அக்காவும் மூச்சிரைக்க வந்து கண்ணாடிக் கதவில் நின்றார்கள். அக்கா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முட்டிக்காக. அப்பாவைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

அன்று அப்பா அக்காவோடு போகவில்லை. தம்பி வீட்டில்தான் இருப்பேன் என்றார், முடிதிருத்தும் கடை பக்கத்தில் இருக்கிறது என்பதைக் காரணமாகச் சொன்னார். அக்கா பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் தம்பி வீட்டுக்கு வருகிறாள் என்று கணவர் மூலம் கேள்விப்பட்டாள். தம்பி நீச்சல் குளத்துக்குத் தன் பிள்ளையைக் கூட்டிவந்தபோது சொன்னானாம். வந்தால் ஒரு மூச்சு சண்டை உண்டாம். கதவு படாரென்று சாத்தப்படுவதும் உண்டாம். அடுத்த வாரம் மறுபடி வருகிறாளாம். சண்டை தீரவில்லை. அது அவர்கள் இருவருடைய சண்டையாக ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

அவளோடு மட்டும் அக்கா பேசவில்லை. தம்பி பேசினான், ஆனால் எதையாவது சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான், இவள் இதை எங்கே கொண்டுபோவாளோ என்பது போல. அது உறுத்தியது. இதற்குத்தானா விட்டோம் என்று சில மாலைகளில் தோன்றும். சாப்பாடு இறங்கியது, உண்மைதான். பால் பொங்குமுன் அடுப்பை அணைத்தாள். பாடங்களுக்கு நடுவே வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் உட்காருகிற நேரத்தில் மனம் ஒரு வேலைக்காக அங்குமிங்கும் தேடும். வேலையை விட்டு நிற்கிறவர்கள் காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி. மன நிம்மதி என்றால் மெத்தை மாதிரி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒருமுறை தாங்காமல் அக்காவைக் கூப்பிடப் போனாள். "கூப்பிடு," என்றார் கணவர். "ஆனா எதுக்குக் கூப்பிடறேன்னு தெரிஞ்சிட்டுக் கூப்பிடு." யோசித்தாள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மழை பிடித்த ஒரு பிற்பகலில் அக்காவே கூப்பிட்டாள். பாடம் ரத்தாகி அவள் வீட்டில் இருந்தாள்.

"என்ன பண்றே?" என்றாள் அக்கா, நேற்றுத்தான் பேசி வைத்த மாதிரி.

"சும்மாதான்."

"அவன் என்ன பண்ணிருக்கான் தெரியுமா, அப்பாவுக்கு..."

"அக்கா," என்றாள் அவள். "அது வேண்டாமே."

அக்கா நிறுத்தினாள். வைத்துவிடுவாள் என்று அவள் காத்திருந்தாள். மறுபக்கத்திலும் மழை பெய்துகொண்டிருந்தது, ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. தம்பியை எடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் இடையில் பேச ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எத்தனை வருஷமாகப் பேசியிருக்கிறார்கள், அவ்வளவும் அவனைப் பற்றி.

"வேற?" என்றாள் அக்கா.

"வேற ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"நான் என்ன சொல்றது?" பிறகு, "பல்லு புடுங்கினேன்."

"எப்ப?"

"அது ஆச்சு. நாம பேசிட்டிருந்தோமே, அப்பவே. ஒரு பக்கம் வீங்கி, பிரேயர்ல பேச முடியல. ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு ஒரே கொண்டாட்டம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட?"

அவள் ஜன்னல் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்தப் பல்லு?"

"கீழ, இடது பக்கம், கடைசி. அதப் புடுங்கறதுக்கு அந்த டாக்டர் என் நெஞ்சு மேல ஏறாத கொற," என்று ஆரம்பித்தாள் அக்கா, தன் பள்ளிக்கூடக் குரலில், முதலிலிருந்து.